பின்சீட்டில் உட்காரப் போவது யார்?

அத்தியாயம் 9

சந்தனசாமி பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறார் என்பது சிகாமட் ஊரிலுள்ள அவர் வீட்டில் இப்போது ரகசியம் இல்லை. ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபத்திரண்டு வயதில், நெடுந்தூரம் போக வசதியான வண்டி ஒன்று வேண்டும் என்கிறார். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அவர் வயதுக்காரர்கள் கூட்டமாகத் தாய்லாந்து வரை போய்வருகிறார்கள்.

ஆட்சேபம் ஸ்டோர் ரூமில் கிறிஸ்துமஸ் மரப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. இரண்டு புதிய ஹெல்மெட்டுகள். ஒன்று சந்தனசாமியின் அளவு. இன்னொன்று எக்ஸ்எல்.

அவர் மனைவி வினிஃப்ரெட் அதைக் கண்டுபிடித்து ஒன்பது நாளாகிறது. பெரியதைத் தன் தலையில் வைத்துப் பார்த்தாள். மூக்கு வரை இறங்கியது. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். கணவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குளுவாங்கில் இருக்கும் மகள் கிறிஸ்டினுக்குத்தான் போன் செய்தாள்.

"உங்கப்பா சனிக்கிழமை அங்க வராரு, மோட்டார் பாக்க. நீயும் கூடப் போ. பின்னாடி யாரு உக்காரப் போறாங்கன்னு மட்டும் பாத்துச் சொல்லு."

"நேராவே கேட்டுடுங்களேம்மா."

"கேட்டா சொல்ற ஆளா அவரு?"

அந்தச் சனிக்கிழமையும் வந்தது.

காலை ரயிலில் வந்து இறங்கிய அப்பாவைப் பார்த்ததுமே கிறிஸ்டினுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. இஸ்திரி போட்ட சட்டை, புதிதாக வெட்டிய முடி. அவளைக் கண்டதும் அவர் முகத்தில் வந்தது சந்தோஷம் மட்டும் இல்லை.

"நீ எதுக்கும்மா? சனிக்கிழமை கிளினிக் உண்டே?"

"லீவு போட்டுட்டேன். நாலு மணி நேரம் உக்கார்ற வண்டிய நான் பாக்காம வாங்கிடுவீங்களா?"

கிறிஸ்டின் பிசியோதெரபிஸ்ட். முதுகு வலி, முட்டி வலி என்று வருகிறவர்களோடுதான் அவள் நாள் கழிகிறது. அப்பாவால் மறுக்க முடியவில்லை. அவள் காரிலேயே கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் மனோகரன் வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்க அங்கிள், பசியாறிட்டீங்களா? இது மகளா? நல்லதாப் போச்சு லா. வீட்டு ஆளு கூட வந்தாதான் பின்சீட்டச் சரியாப் பாக்க முடியும்."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

முதலில் காட்டிய சிவப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவர் உடம்பு முன்பக்கம் குனிந்தது. முழு எடையும் கைகளில் இறங்கியது.

"அரை மணி நேரத்துல மணிக்கட்டு மரத்துடும். இது வேணாம்ப்பா," என்றாள் கிறிஸ்டின்.

இரண்டாவது தாழ்வான கறுப்பு வண்டி. அதில் அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்வதுபோல் உட்கார்ந்தார். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. முதுகு நேராக, தோள்கள் தளர்வாக. கிறிஸ்டினே தேர்ந்தெடுத்திருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பாள்.

"இதாம்ப்பா உங்களுக்கு."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. இறங்கிப் பின்சீட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். "என்ன தம்பி இது, சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கு. பின்னாடி உக்கார்ற ஆளு சாஞ்சிக்க எதுவும் இல்லையே."

மூன்றாவது சாம்பல் நிறத்தில் உயரமாக நின்றது. முன்னால் காற்றைத் தடுக்கக் கண்ணாடி, பின்னால் சாய்ந்துகொள்ள மெத்தை வைத்த பெட்டி. பின்சீட்டு அகலமாக, சோபா போல. ஆனால் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தபோது அப்பாவின் கால்விரல்கள் மட்டும்தான் தரையைத் தொட்டன.

"அங்கிளுக்கு இந்த வண்டி உயரம் ஜாஸ்தி," என்றார் மனோகரன். "சீட்ட ஒரு இஞ்சு இறக்கலாம். அதுக்கு மேல முடியாது."

"பரவால்ல. நான் சமாளிச்சிக்குவேன்."

கிறிஸ்டின் நிமிர்ந்து பார்த்தாள். அறுபத்திரண்டு வயது மனிதர், தனக்கு வசதியான வண்டியை விட்டுவிட்டு, நிறுத்தினால் கால் எட்டாத வண்டியில் சமாளிக்கிறேன் என்கிறார். அம்மாவை இருபது வருடம் சின்ன மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போனாரே, அப்போது அதன் ஃபுட்ரெஸ்ட்டில் ரப்பர் இருக்கிறதா என்றுகூட ஒருநாளும் பார்த்ததில்லை.

அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் டேப்பை எடுத்தார். அம்மா துணி தைக்கும் டேப். பின்சீட்டிலிருந்து ஃபுட்ரெஸ்ட் வரை பிடித்து அளந்தார்.

"ஐம்பத்தி ரெண்டு சென்டி. பத்தாது."

பத்தாதா? அம்மாவின் கால் இதற்கே எட்டாது. அப்படியானால் உட்காரப் போகிறவர் நல்ல உயரம்.

"அதான் போன்ல சொன்னீங்கல்ல அங்கிள், இடது பக்கத்த மட்டும் இறக்கணும்னு," என்றார் மனோகரன், ஒன்றும் அறியாமல். "நம்ம வெல்டிங்காரர்கிட்டச் சொல்லிட்டேன். போலே, முடியும், செஞ்சிடலாம்னாரு. கீழ நாலு இஞ்சு, முன்னால கொஞ்சம் தள்ளி. கால நீட்டியே வெச்சிக்கலாம்."

அப்பாவின் கையில் டேப் அப்படியே நின்றது.

"அத அப்புறம் பேசுவோம் தம்பி."

அவர் மகளின் பக்கம் திரும்பவில்லை. டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடியும் சுருட்டினார்.

இடது பக்கம் மட்டும். கிறிஸ்டின் அதைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று வந்தபோது அப்பாவே கூப்பிட்டார். "நீ பின்னாடி ஏறு. எப்படி இருக்குன்னு சொல்லு." கொஞ்சம் தயங்கி, "வலது பக்கமா ஏறு," என்றார்.

"எல்லாரும் இடது பக்கம்தானே ஏறுவாங்க?"

"ஏறித்தான் பாரேன்."

மனோகரன் வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். கிறிஸ்டின் வலது காலை ஊன்றி, இடது காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தாள்.

"இடது கால மடக்காதே. நீட்டியே வெய்யி."

சிம்பாங் ரெங்கம் சாலையில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வண்டி போயிற்று. நடுக்கமே இல்லை. குழிகளில் இறங்கி ஏறியதுகூட முதுகுக்குத் தெரியவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அப்பா தலையைத் திருப்பிக் கத்திக் கேட்டார்.

"வலது கால்ல எக்சோஸ்ட் சூடு தெரியுதா?"

"இல்லப்பா."

"முதுகு சாயுதா?"

"சாயுது."

அவளுக்கு எரிச்சலாக வந்தது. சாய்வது யாருடைய முதுகு? இடது முட்டி மடங்காத ஒருவர். பழைய காயமாகத்தான் இருக்க வேண்டும். எலும்பு முறிந்து, சரியாகச் சேராமல், வருடக்கணக்கில் இறுகிப்போன முட்டி. அப்படிப்பட்ட நோயாளிகளை அவள் வாரத்துக்கு இரண்டு பேரையாவது பார்க்கிறாள். கூட வேலை பார்த்த யாராவதா? நண்பரா? நண்பர் என்றால் ஹெல்மெட்டைக் கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பின்னால் ஏன் ஒளித்துவைக்க வேண்டும்?

சாலையோரத்தில் ஓர் அன்னாசிப்பழ ஒட்டுக்கடையில் நிறுத்தினார்கள். வெட்டிய பழத்தைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். இனியும் சுற்றி வளைப்பதில் பயனில்லை என்று கிறிஸ்டினுக்குத் தோன்றியது.

"அந்த இடது கால் யாருதுப்பா?"

அவர் பழத்தைக் கடித்து, மென்று, விழுங்கினார்.

"உங்கம்மா கேக்கச் சொன்னாளா?"

"ஆமா."

"பொம்பள இல்ல. அத வேணாப் போய்ச் சொல்லு."

"அப்ப ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

 ஒரு லோரி பழக்குலைகளைச் சுமந்துகொண்டு கடந்து போயிற்று. அதன் சத்தம் அடங்கும் வரை கிறிஸ்டின் காத்திருந்தாள்.

"தூரம் போகணும்னா என் கார்லயே போலாமே. முன்சீட்டப் பின்னாடி தள்ளிட்டா எந்தக் காலையும் நீட்டிக்கலாம். நான் ஓட்டறேன்."

"கார் வேணாம்மா."

"ஏன்?"

"கார்ல பக்கத்துல பக்கத்துல உக்காரணும். மூஞ்சப் பாத்துப் பேசணும். மோட்டார்ல அது வேணாம்ல?"

அவர் சிரிக்க முயன்றார். சிரிப்பு வரவில்லை. அப்பா யாரையோ பார்த்துப் பயப்படுகிறார் என்று கிறிஸ்டினுக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

"உங்கம்மாகிட்ட இன்னும் ரெண்டு வாரம் எதுவும் சொல்லாதே. நம்ம மாதா கோயில் திருநாள் முடியட்டும்," என்றார். "அதுக்கப்புறம் நானே சொல்றேன்."

கடைக்குத் திரும்பியதும் சாம்பல் நிற வண்டியே போதும் என்று பேப்பர் எழுத உள்ளே போனார். அவர் தலை மறைந்ததும் கிறிஸ்டினின் கைப்பேசி அடித்தது. அம்மா.

"போன காரியம் என்ன ஆச்சு?"

அப்பா கேட்டுக்கொண்டது நினைவில் இருந்தது. ஆனால் ஒன்பது நாளாக உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருப்பவள் அம்மா. அதைத் தணித்துவிடலாம் என்றுதான் கிறிஸ்டின் நினைத்தாள்.

"பொம்பள இல்லியாம், அம்மா. நீங்க நிம்மதியா இருங்க."

"பொம்பளன்னு நான் எப்ப சொன்னேன்? யாருன்னுதானே கேட்டேன்."

கிறிஸ்டின் ஒரு நொடி திகைத்தாள். உண்மைதான். அம்மா ஒருதரம்கூட அப்படிச் சொல்லவில்லை.

"பேரு சொல்லல. நல்ல உயரமான ஆளு. இடது முட்டி மடங்காது போல."

மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது. அம்மா அதை அணைக்கப் போகவில்லை. விசில் மறுபடியும் அடித்தது.

"வலது பக்கமா ஏறச் சொன்னாரா?"

 அதைக் கிறிஸ்டின் சொல்லவே இல்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்பாவைக் கார்லயே ஏத்திட்டு வா. ரயில்ல விடாதே. வழியில எங்கயும் நிக்காதே."

போன் வைக்கப்பட்டுவிட்டது. அப்பாவை வேவு பார்க்க வந்தவளுக்கு இப்போது அம்மா மீதும் சந்தேகம்.

வெல்டிங்குக்காக வண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டுக் காரில் திரும்பும் வழியில் அப்பா ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்.

"நெடுஞ்சாலை ஏறித் தங்காக் வழியாப் போயிடலாமா?"

"அது சுத்துப்பா. சாஆ ஊர் வழியாப் போனா சீக்கிரம்."

அவர் வற்புறுத்தவில்லை. ஆனால் சாஆ நெருங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறவர்போல் தலையைச் சாய்த்திருந்தாலும், முழங்கால் மேல் இருந்த கை இறுக மூடியிருந்ததைக் கிறிஸ்டின் கவனித்தாள். லாபிஸ் தாண்டிய பிறகே கண்ணைத் திறந்தார்.

சிகாமட் வீட்டை அடைந்தபோது மணி நாலரை. வினிஃப்ரெட் கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். தொலைக்காட்சி ஓடவில்லை. எக்ஸ்எல் ஹெல்மெட் சாப்பாட்டு மேசைமேல் இருந்தது.

சந்தனசாமி அதைப் பார்த்தார். செருப்பைக் கழற்றக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

"ஜீவன் எங்க இருக்கான்?" என்று கேட்டாள் வினிஃப்ரெட்.

கிறிஸ்டினுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. ஜீவன் மாமா அம்மாவின் ஒரே தம்பி. அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது தாய்லாந்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனவர். ஒவ்வொரு நவம்பரிலும் இறந்தோர் பூசைக்கு அம்மா எழுதிக்கொடுக்கும் பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான். முகம்கூட அவளுக்கு நினைவில்லை.

"வடக்க, கூலிம் பக்கத்துல," என்றார் சந்தனசாமி. "ஒரு மரக்கடைல காவலுக்கு இருக்கான்."

வினிஃப்ரெட் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கிறிஸ்டின் தாங்கப் போனாள். அம்மா கையை விலக்கிவிட்டாள்.

"செத்துட்டான்னு வந்து சொன்னது நீங்கதானே?"

"ஆமா."

"ஹட்யாயில அடக்கம் பண்ணிட்டு வந்தேன்னீங்க. ஒரு டப்பால மண்ணு கொண்டாந்து குடுத்தீங்க. நான் அத எங்கம்மா கல்லறை மேல தூவினேன். அது எந்த மண்ணு?"

சந்தனசாமி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எல்லைக்கு இந்தப் பக்கம், பாடாங் பெசார்ல... ரோட்டோரமா எடுத்தது."

 பக்கத்து வீட்டில் யாரோ வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, அந்தக் கால்..." என்று தொடங்கினாள் கிறிஸ்டின்.

"சாஆவுல நடந்த விபத்து," என்றாள் வினிஃப்ரெட். கண் கணவரை விட்டு அகலவில்லை. "இருபத்தேழு வருஷம் ஆச்சு. இவரும் ஜீவனும் ஒரே மோட்டார்ல வந்தாங்க. சைக்கிள்ல போன ஒரு மனுஷன் செத்துட்டாரு. ஜீவனுக்கு இடது முட்டி போச்சு. இவருக்குக் கையில ஒரு சிராய்ப்பு. ஓட்டினது ஜீவன்னு கேஸ் எழுதினாங்க. அப்புறம் ஆறு மாசம், அவன் வலது பக்கமா ஏறும்போதெல்லாம் மோட்டார நிமித்திப் பிடிச்சிக்கிட்டு நின்னது நான்தான். எனக்குத் தெரியாதா அவன் எப்படி ஏறுவான்னு? கோர்ட்டுக்குப் போற வாரம் ஆளக் காணோம். மூணு மாசம் கழிச்சி இவரு மண்ணோட வந்து நின்னாரு."

கிறிஸ்டின் அப்பாவைப் பார்த்தாள். காலையில் அவள் பார்த்த இஸ்திரி போட்ட சட்டை இப்போது நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"இப்ப எதுக்கு அவனக் கூட்டிட்டு வரீங்க?"

"அவன் உன்னப் பாக்கணும்னான், வினி. திருநாள் அன்னிக்குக் கூட்டத்தோட கூட்டமாப் பின்னாடி நின்னு ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன், அக்காவுக்குத் தெரிய வேணாம்னான்." அவர் ஹெல்மெட்டைப் பார்த்தார். "கார்ல வரமாட்டானாம். 'அன்னிக்கு எப்படிக் கொண்டுபோய் விட்டீங்களோ, அதே மாதிரி மோட்டார்ல வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னான். அவ்ளோ தூரம். அந்தக் கால வெச்சிக்கிட்டு. அதான் வலிக்காத வண்டியாத் தேடினேன்."

வினிஃப்ரெட்டின் முகம் ஒரு நொடி இளகியது. கிறிஸ்டின் அதைப் பார்த்தாள். ஆனால் அடுத்த நொடியே அது போய்விட்டது.

"அன்னிக்கு சாஆவுல மோட்டார் ஓட்டினது யாரு?"

"ஜீவன்தான்னு கேஸ்ல..."

"எழுதினத நான் கேக்கல."

சந்தனசாமி வாயைத் திறந்தார், மூடினார். பிறகு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். 

கிறிஸ்டினுக்கு அப்பாவின் அருகில் போய் நிற்க வேண்டும்போல் இருந்தது. கால் நகரவில்லை.

"சரி, நீங்க சொல்ல வேணாம்," என்றாள் வினிஃப்ரெட். "அவனுக்குப் போனப் போடுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி மேசைமேல வைங்க."

அவர் கெஞ்சுவதுபோல் நிமிர்ந்து பார்த்தார். அவள் அசையவில்லை. எண்ணைத் தொட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, கைப்பேசியை மேசைமேல் வைத்தார்.

நாலு தரம் அடித்தது. ஐந்தாவதில் எடுத்தார்கள்.

"மச்சான்! என்ன, மோட்டார் முடிஞ்சிடுச்சா?"

கரகரத்த, வயதான குரல். ஆனால் 'மச்சான்' என்று இழுத்த விதத்தில் ஒரு விளையாட்டுத்தனம் இருந்தது. வினிஃப்ரெட்டின் இரண்டு கைகளும் தாமாகவே போய் வாயைப் பொத்திக்கொண்டன. தோள்கள் குலுங்கின. ஒரு சத்தம் வெளியே வரவில்லை.

"முடிஞ்சிடுச்சு ஜீவா," என்றார் சந்தனசாமி.

"உக்கார வசதியா இருக்குமா? வழியில ஈப்போ வரைக்குமாவது தாங்குவேனா?"

"தாங்கும். சாஞ்சிக்கலாம். காலையும் நீட்டிக்கலாம்."

"சரி, சரி." குரல் தணிந்தது. "அக்காவுக்கு ஒண்ணும் தெரியாதில்ல? பாருங்க மச்சான், அக்காவுக்குத் தெரிஞ்சா நான் வரல. அவங்க எதிர்ல வந்து நின்னு ஒரு வார்த்த கேட்டுட்டாங்கன்னா என்னால மறைக்க முடியாது. அப்புறம் உங்க நெலம என்னாகும்? இத்தன வருஷம் நான் செத்தவனா இருந்ததுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும்."

சந்தனசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"மச்சான்? லைன்ல இருக்கீங்களா? அக்காவுக்குத் தெரியுமா, தெரியாதா?"

வினிஃப்ரெட் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மேசையைச் சுற்றி வந்து கணவரின் பக்கத்தில் நின்றாள். கூலிம்வரை கேட்டுவிடாமல், அவர் காதோடு காதாகக் குனிந்து சொன்னாள்:

"தெரியாதுன்னு சொல்லுங்க."